ருசிக்கு மட்டுமா மார்க்கு?



சமையல் போட்டி என்றாலே எண்ணெய் மிதக்கும் பிரியாணிக்குத்தான் பரிசு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இதை மாற்றுகிற சமையலுக்கு அல்லவா பரிசு தரவேண்டும்?

ஒகேனக்கல் பக்கம் இளைஞர் அணிகளுக்குப் போட்டி நடத்த எங்கள் யோசனைகள்:

1. அணிக்கு 4 பேர். ஆண் பிள்ளைகளும் கட்டாயம் இருக்கட்டும். அடுப்படி பெண்ணுக்கு மட்டும் எழுதி வைத்ததில்லையே!

2. எல்லா அணிக்கும் ஒரே தொகை, ஒரே நேரம்.

3. ராகி, கொள்ளு, முருங்கைக்கீரை, ஆற்று மீன் என்று நம்ம ஊரில் கிடைப்பதே போதும். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் மிகக் குறைவு.

4. சத்துக்கு 40 மார்க், சுத்தத்துக்கு 20, சிக்கனத்துக்கு 20, ருசிக்கு 10, விளக்கத்துக்கு 10.

5. நடுவர்களாக அங்கன்வாடி பணியாளர், கிராம சுகாதார செவிலியர், ஊர்ப் பாட்டி ஒருவர்.

விளக்கம் எதற்கு? கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். இதைத் தன் வாயால் சொல்லும் பிள்ளை வீட்டிலும் செய்து காட்டும்.

பரிசாக இரும்புச் சட்டி கொடுங்கள். அதில் சமைத்தாலும் கொஞ்சம் இரும்புச்சத்து கிடைக்கும்.

1989-ல் தமிழ்நாட்டில் அரசு உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அன்று சேமிப்புக்குக் கூடினார்கள். இன்று பிள்ளைகள் உடம்பில் ரத்தம் ஊறவும் கூடுவோம். அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிடுங்கள், நாங்களும் வருகிறோம்!