மதுசாரம் நீக்கிய வைன்

ஐரோப்பிய நாடுகளிலே திருமண விருந்து நடைபெறும்போது, மணமக்களை வாழ்த்துவதற்காக எல்லோரும் வைன் கிண்ணத்தைக் கையிலேந்தி எழுந்து நிற்பது வழக்கம். அந்தக் கூட்டத்திலே மது அருந்தக் கூடாதவர் ஒருவரும் இருப்பார். அவர் கருவுற்ற பெண்ணாக இருக்கலாம். ஈரல் நோய்க்கு மருந்துண்பவராக இருக்கலாம். விருந்து முடிந்ததும் வாகனம் செலுத்த வேண்டியவராக இருக்கலாம். பல்லாண்டுக் காலம் குடிக்கு அடிமைப்பட்டு, அரும்பாடுபட்டு அதிலிருந்து மீண்டவராகவும் இருக்கலாம். அவருக்கு மட்டும் சிறுவருக்கு ஊற்றிய தோடம்பழச் சாற்றிலே ஒரு குவளை கொண்டுவந்து வைக்கப்படுகிறது. பக்கத்திலிருப்பவர், "ஏன், நீங்கள் அருந்தவில்லையா?" என்று கேட்கிறார். அன்புடன் கேட்கப்பட்ட கேள்விதான். ஆயினும், அதற்கு விடை கூற எல்லோருக்கும் விருப்பம் இருப்பதில்லை.

இத்தகையோருக்காகவே மதுசாரம் நீக்கிய வைன் தோன்றியது. இன்று அது பல நாடுகளில் கடைதோறும் விற்கப்படுகிறது. எனினும், அதை வாங்கிச் சுவைத்தோருட் பலர், "இது வைனுமன்று, பழச்சாறுமன்று" என்று முகஞ்சுளிப்பதுண்டு. நல்லதொரு போத்தலைத் தேர்ந்தெடுப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? இதற்கு விடை காண வேண்டுமாயின், வைனிலே மதுசாரம் என்ன தொழிலைச் செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

பழுத்த முந்திரிகைப் பழத்தின் சாற்றிலே, லீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 கிராம் சீனி உண்டு. மதுவம் எனப்படும் நுண்ணுயிர் அச்சீனியை உண்டு, அதை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. இதுவே நொதித்தல். 17 கிராம் அளவான சீனி நொதித்தால், ஒரு லீற்றரில் ஒரு சதவீத மதுசாரம் உண்டாகும். ஆகவே, 200 கிராம் சீனி கொண்ட சாறு முற்றாக நொதிக்கும்போது 12 சதவீத மதுசாரம் கொண்ட வைனாகிறது.

இந்நிகழ்ச்சி யாழ்ப்பாணத்தவருக்குப் புதியதன்று. பனையிலிருந்து இறங்கும் நீர், முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசியிருந்தால் கருப்பநீராக இனிக்கிறது. பூசாவிட்டால் கள்ளாகப் பொங்குகிறது. மரம் ஒன்றுதான், நீரும் ஒன்றுதான். மதுவத்தைத் தொழில் செய்யவிடாது சுண்ணாம்பு தடுத்ததொன்றே வேறுபாடு.

முந்திரிகைச் சாற்றையும் இவ்வாறு தடுத்துவைக்கலாம் என்பதை ஐக்கிய அமெரிக்காவிலே தோமஸ் பிராம்வெல் வெல்ச் என்பவர் செய்துகாட்டினார். நியூ ஜேர்சி மாநிலத்து வைன்லாந்து என்னும் ஊரில் வாழ்ந்த பல் வைத்தியர் அவர். மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்தவர். திருவிருந்தின்போது மதுசாரமற்ற இரசத்தை வழங்க விரும்பிய அவர், 1869ஆம் ஆண்டில், லூயி பாஸ்டர் கண்ட முறையைத் தழுவி, போத்தலில் அடைத்த சாற்றைச் சூடாக்கி மதுவத்தை அழித்தார். சாறு கெடாமலும் நொதிக்காமலும் நின்றது.

அவ்வாறாயின், முந்திரிகைச் சாற்றையே கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். தாகத்துக்கு அது போதும். வைனுக்கு ஈடாக அது அமைவதில்லை. சாறு மிகவும் இனிப்பானது. ஊனுணவுடனும் மீனுணவுடனும் அது பொருந்துவதில்லை. மேலும், நொதித்தலின்போது மதுசாரம் மட்டும் பிறப்பதில்லை. பழத்திலே மறைந்துகிடந்த மணங்கள் வெளிப்படுகின்றன. புதிய மணங்கள் பல உண்டாகின்றன. இவையெல்லாம் சேர்ந்தே வைனை வைனாக்குகின்றன. எனவே, வைனின் சுவையை விரும்புவோருக்கு வழி ஒன்றே உண்டு. முதலில் வைனை முறைப்படி ஆக்கி, பின்னர் அதிலிருந்து மதுசாரத்தைப் பிரித்தெடுக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மதுசாரம் 78 பாகை சதம வெப்பத்தில் கொதிக்கும். வைனை அடுப்பிலேற்றிக் கொதிக்கவைத்தால் மதுசாரம் ஆவியாகும் என்பது உண்மையே. ஆனால், அந்த வெப்பத்திலே நறுமணங்களும் உடன் ஓடிவிடும். எஞ்சிய நீர், காய்ச்சிய பழத்தின் வாடையைப் பெற்றுவிடும்.

இச்சிக்கலுக்கு ஒரு வழி, யேர்மனியிலே ரைன் நதிக்கரையிலுள்ள ரூடெஸ்ஹைம் என்னும் ஊரிலிருந்து வந்தது. அங்கு வைன் வாணிகம் செய்த குடும்பத்தைச் சேர்ந்த கார்ல் யுங் என்பவர், வெற்றிடத்திலே மதுசாரத்தைப் பிரிக்கும் முறைக்கு 1908ஆம் ஆண்டளவில் புனைவுரிமை பெற்றார். அம்முறையின் அடிப்படை எளிது. காற்றழுத்தம் குறையுமிடத்தில் திரவங்கள் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகைக்குப் பதிலாக ஏறக்குறைய 94 பாகையிற் கொதிப்பதும் இதனாலேயே. மலையுச்சியிலும் பார்க்கப் பன்மடங்கு குறைந்த அழுத்தத்தை ஒரு கலத்தினுள்ளே உண்டாக்கிவிட்டால், மதுசாரம் 30 பாகையளவிலேயே ஆவியாகிவிடும். வைன் வேகுவதில்லை.

பின்னர் வேறு முறைகளும் தோன்றின. மென்சவ்வொன்றின் ஊடாக வைனைப் பேரழுத்தத்துடன் செலுத்துவது அவற்றுள் ஒன்று. நீரும் மதுசாரமும் சவ்வைக் கடந்து செல்ல, நிறமும் சுவைப்பொருள்களிற் பெரும்பகுதியும் இப்புறத்தில் நின்றுவிடும். கடந்து சென்றதிலிருந்து மதுசாரத்தை நீக்கி, நீரை மீண்டும் வைனுடன் சேர்ப்பர். மற்றொன்று சுழலும் கூம்புகளைக் கொண்ட உயர்ந்த கலம். ஐக்கிய அமெரிக்காவிலே 1930ஆம் ஆண்டுகளில் வேறொரு தேவைக்காக அமைக்கப்பட்ட இக்கருவியை, 1980ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலியர் வைனுக்கு ஏற்றதாகத் திருத்தியமைத்தனர். இதில் வைன் மெல்லிய படலமாகக் கீழிறங்க, வெற்றிடத்தில் ஆவி மேலெழுகிறது. முதலிலே நறுமணங்களை மட்டும் பிரித்துத் தனியே காத்துவைப்பர். அடுத்த முறை மதுசாரத்தை நீக்குவர். இறுதியிலே காத்துவைத்த மணத்தை மீண்டும் கலப்பர்.

இத்தனை நுட்பத்துக்குப் பின்னரும் முழுமையான வைன் கிடைப்பதில்லை. மதுசாரம் வெறியை மட்டும் தருவதன்று என்பதே அதற்குக் காரணம். வைனுக்கு உடலைக் கொடுப்பது மதுசாரம்; நாவிலே கனமும் வழுவழுப்பும் அதனால் உண்டாகின்றன. தொண்டையிலே சிறிது வெம்மையைத் தருவதும் அதுவே. சீனி இல்லாதபோதும் மெல்லிய இனிப்பு இருப்பதுபோன்ற உணர்வை அது அளிக்கிறது. நறுமணத்தைத் தாங்கி மூக்குக்குக் கொண்டுசெல்வதும், வைன் கெடாது காப்பதும் அதன் தொழில்களே. இத்தனை தொழில் செய்யும் ஒன்றை எடுத்துவிட்டால், எஞ்சுவது நீர்த்துப் போனதாகத் தோன்றுகிறது. அத்துடன், 12 சதவீதம் நீங்கியதால் அளவு குறைய, அதே அமிலம் குறைந்த நீரிலே செறிந்து நிற்கிறது; புளிப்பு மிஞ்சுகிறது.

இக்குறையை மறைப்பதற்கு உற்பத்தியாளர் கையாளும் எளிய வழி சீனி. முந்திரிகைச் சாற்றையோ, அதன் செறிவையோ சேர்த்துப் புளிப்பை அடக்குவர். அளவோடு சேர்த்தால் நன்று. ஆனால் லீற்றர் ஒன்றுக்கு 40 கிராமுக்கு மேலும் சீனி சேர்ந்த வகைகள் உண்டு. உலர்ந்த வைன் எனப்படும் இனிப்பற்ற வைனிலே அது சில கிராம் மட்டுமே. ஆகவே, மதுசாரம் நீங்கியது என்பதைக் கேட்டவுடன், நீரிழிவு நோயாளர் அதைத் தமக்குத் தீங்கற்றதென எண்ணிவிடலாகாது. போத்தலின் பின்புறத்திலே சீனியின் அளவு அச்சிடப்பட்டிருப்பின், அதைப் படித்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தபின், எவ்வகை நல்லது என்பதை ஊகிப்பது கடினமன்று. சிவப்பு வைனின் சிறப்பு அதன் துவர்ப்பிலே தங்கியிருக்கிறது. பாலும் சீனியும் சேராத கடுஞ்சாயத் தேநீரை அருந்தும்போது நாவில் ஏற்படும் வறட்சியைப் போன்றது அத்துவர்ப்பு. வழக்கமாக மதுசாரம் அதை மென்மையாக்குகிறது. மதுசாரம் நீங்கியதும் துவர்ப்பு தனித்துக் கரடுமுரடாக நிற்கிறது. எனவே, சிவப்பு வகையில் நல்லதைக் காண்பது அரிது.

வெள்ளை வைன், சிறப்பாக இயல்பிலேயே மணமிகுந்த ரீஸ்லிங், மஸ்கற், சொவின்யோன் பிளாங் ஆகிய பழவகைகளிலிருந்து பெறுவது, இழப்பை ஓரளவு தாங்கி நிற்கும். மணத்திலே ஒரு பங்கு போனாலும் எஞ்சிய பங்கு போதுமானதாக இருக்கும். எல்லாவற்றிலும் சிறந்தது நுரைக்கும் வைன். அதிலுள்ள வாயுக் குமிழிகள் நாவைத் தூண்டி, மதுசாரம் விட்டுச்சென்ற வெறுமையை நிரப்புகின்றன. மணத்தையும் மேலே கொண்டுவருகின்றன. முதன்முதலாக வாங்குபவர், நுரைக்கும் வெள்ளை வைனிலிருந்து தொடங்கினால் ஏமாற்றம் குறையும்.

அதைப் பரிமாறும் முறையும் கவனிக்கத்தக்கது. நன்கு குளிரவைத்தே ஊற்றுதல் வேண்டும். குளிர்ச்சி, மிகை இனிப்பை அடக்கும். உணவுடன் அருந்தினால், தனியே அருந்துவதிலும் பார்க்க நன்றாக இருக்கும். உப்பும் கொழுப்பும் புளிப்பைச் சமன்செய்யும். திறந்த போத்தலைக் குளிரூட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். காக்கும் மதுசாரம் இல்லாமையால், பழச்சாற்றைப் போலவே அது விரைவில் கெடும். பழைய வைன் சிறந்ததென்ற எண்ணமும் இங்கே பொருந்தாது. ஆண்டுக்கணக்காக நிலவறையில் வைப்பதற்கு உரியதன்று இது; புதியதே நல்லது.

சுவையிலும் பார்க்க முக்கியமான ஒன்று எஞ்சியிருக்கிறது. அது போத்தலின் முகப்பிலுள்ள எழுத்து. "மதுசாரம் நீக்கியது" என்பதும் "மதுசாரம் அறவே அற்றது" என்பதும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2021 டிசம்பரில் வகுத்த விதியின்படி, மதுசாரம் நீக்கிய வைன் என்று பெயரிடப்படுவதிலே 0.5 சதவீதம் வரை மதுசாரம் இருக்கலாம். அதற்கு மேற்பட்டது ஓரளவு நீக்கிய வைன் எனப்படும். பிரித்தானியாவில் 2018இல் வெளியான வழிகாட்டற் குறிப்பு, 'அல்ககோல் ஃபிறீ' என்ற சொல்லை 0.05 சதவீதத்துக்கு மேற்படாதவற்றுக்கும், 'டீ-அல்ககோலைஸ்ட்' என்ற சொல்லை 0.5 சதவீதத்துக்கு மேற்படாதவற்றுக்கும் ஒதுக்கியது. ஐக்கிய அமெரிக்காவிலோ, 'நொன் அல்ககோலிக்' எனப்படுவதில் 0.5 சதவீதத்துக்குக் குறைந்த மதுசாரம் இருக்க இடமுண்டு. 'அல்ககோல் ஃபிறீ' எனப்படுவதில் சிறிதும் இருத்தலாகாது. ஒரே சொல் நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதால், சொல்லை நம்பாது எண்ணைப் பார்ப்பதே அறிவுடைமை.

0.5 சதவீதம் என்பது எவ்வளவு? 12 சதவீத வைன் ஒரு கிண்ணத்திலுள்ள மதுசாரத்தைப் பெறுவதற்கு, 0.5 சதவீதமுள்ளதிலே 24 கிண்ணம் அருந்த வேண்டும். நன்கு பழுத்த வாழைப்பழத்திலும், சிலவகைப் பாணிலும், பழச்சாற்றிலும் இயல்பாகவே சிறிதளவு மதுசாரம் உண்டு. உடல்நலமுள்ள ஒருவருக்கு இவ்வளவு வெறியூட்டாது.

ஆயினும், கணக்கு ஒன்றானாலும் மனிதர் ஒருவரல்லர். கருவுற்ற பெண்ணுக்குத் தீங்கற்றதென உறுதியாகக் கூறத்தக்க மதுசார அளவு எதுவும் இல்லையென்பது வைத்தியர் கருத்தாதலால், அவர் 0.0 எனக் குறிக்கப்பட்டதையே நாடுவதும், தம் வைத்தியரைக் கேட்பதும் நன்று. ஈரல் நோயாளருக்கும் இது பொருந்தும். வைனாக ஆக்கப்பட்டதொன்றை, மதுசாரம் நீக்கிய பின்னரும், ஏற்கலாகாதெனக் கருதும் இஸ்லாமிய மார்க்க அறிஞர் பலர் உளர்; அத்தகைய விருந்தினருக்கு இதைக் கேளாமல் ஊற்றுவது முறையன்று.

எல்லோரிலும் பார்க்க எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர், குடியிலிருந்து மீண்டவர். அவருக்கு ஆபத்து அந்த 0.5 சதவீதத்தில் மட்டும் இல்லை. கிண்ணத்தின் வடிவமும், அதிலிருந்து எழும் மணமும், நாவிற் படும் புளிப்பும் உறங்கிக்கிடக்கும் வேட்கையைத் தட்டியெழுப்பக் கூடும். சிலருக்கு இப்பானம் துணையாக அமைகிறது. சிலருக்கோ பழைய வழியின் வாசலாக அமைந்துவிடுகிறது. தாம் எவ்வகையினர் என்பதை அவரும் அவருடைய வைத்தியருமே அறிவர். "இதிலே ஒன்றுமில்லை, சும்மா அருந்துங்கள்" என்று மற்றவர் வற்புறுத்துவது நட்பாகாது.

ஆகவே, நல்ல போத்தலைத் தேடுபவர் வைனின் இரட்டைப் பிள்ளையைத் தேடலாகாது, அது கிடைக்கப்போவதில்லை. மணமுள்ள, அளவான புளிப்புள்ள, இனிப்பு மிகாத, உணவோடு இசைகின்ற ஒரு பானத்தைத் தேடினால், அது கிடைக்கும். விருந்து வைப்பவரும் ஒன்றைச் செய்யலாம். குளிரவைத்த நல்ல போத்தல் ஒன்றையும், அதனருகே தேசிக்காய் பிழிந்த நீரையோ இளநீரையோ மேசையிலே வைத்து, எல்லோருக்கும் ஒரேவகைக் கிண்ணத்தைக் கொடுத்து, யார் எதை எடுக்கிறார் என்று கேளாதிருக்கலாம். அப்போது வாழ்த்துக் கூற எழுபவர்களிடையே, விளக்கம் சொல்ல வேண்டிய நிலையில் ஒருவரும் இருக்கமாட்டார்.