தடித்த கம்பி கேட்பவர்களுக்கு

சிவசமுத்திரத்து மின்சாரம் 1902-இல் கோலார் தங்கவயலுக்கும் 1905-இல் பெங்களூருக்கும் வந்தது. நூறாண்டு கடந்தும், எஸ்.பி. ரோட்டில் என் கடைக்கு வரும் நம்மவர்கள், “ஃப்யூஸ் அடிக்கடி போகுது, தடிமனா கம்பி குடுங்க” என்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. ஃப்யூஸ் உருகுவதே ஒயரைக் காப்பாற்றத்தான். கம்பி தடித்தால், சுவருக்குள் இருக்கும் ஒயர் எரியும். லோடைக் குறையுங்கள்.

எம்.சி.பி.யும் ஒயருக்குத்தான் காவல், மனிதனுக்கல்ல. ஆளைக் கொல்லும் கசிவு 16 ஆம்பியர் எம்.சி.பி.க்குத் தூசு. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அக்கசிவை உணர்ந்து நொடிக்குள் துண்டிக்கும். (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அதுவும் உதவாது!) அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதமொருமுறை அழுத்துங்கள். விழவில்லையென்றால் உடனே மாற்றிவிடுங்கள். என் கடையில்தான் வாங்கவேண்டுமென்பதில்லை.