இடம் மாறிய வீரர்

ஹாண்ட்பால் என்றதும் கைப்பந்து, அதாவது வாலிபால், நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அது வேறு, இது வேறு. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், பக்கத்துக்கு 7 பேர் நின்று, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம் இது. கோலின் முன் 6 மீட்டர் தொலைவில் ஒரு வளைகோடு உண்டு. அதனுள் கோல் காப்பவர் மட்டுமே நிற்கலாம். பந்தைக் கையில் ஏந்தியபடி மூன்று அடிகளுக்கு மேல் எடுத்து வைத்தலும், மூன்று விநாடிகளுக்கு மேல் வைத்திருத்தலும் கூடா.

இவ்வாட்டத்தில் பெரும்புகழ் எய்தியவர் ஸ்வீடன் நாட்டு மாக்னஸ் விஸ்லாண்டர். கோத்தன்பர்க் என்னும் துறைமுக நகரில் 1964-இல் பிறந்தவர். அந்நகரின் ரெட்பெர்க்ஸ்லித் சங்கத்தில் ஆடி வளர்ந்தவர். அணியின் நடுவில் நின்று, பந்தைப் பங்கிட்டு, ஆட்டத்தை நடத்துவதே அவர் பணி. 1990-இல் பிராகா நகரில் ஸ்வீடன் சோவியத் அணியை 27-23 என வென்றது. 32 ஆண்டுகளுக்குப் பின் உலகப் பட்டம் அந்நாட்டை அடைந்தது. அவ்வாண்டின் தலைசிறந்த வீரர் என விஸ்லாண்டர் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

அதே ஆண்டில் அவர் ஊர் விட்டு, ஜெர்மனியின் வடகரையிலுள்ள கீல் நகரச் சங்கத்தில் சேர்ந்தார். 1963-க்குப் பின் தேசியப் பட்டம் காணாதிருந்த அச்சங்கம் 1994-இல் அதனை மீட்டது; அவர் இருந்த 12 ஆண்டுகளில் ஏழு முறை வென்றது.

வயது ஏறியபோது அவர் செய்ததே நாம் கருதத்தக்கது. தமக்குப் புகழ் தந்த நடுவிடத்தை விட்டு, எதிரணிக் காவலர் வரிசையின் உள்ளே சென்று நின்றார். அங்கு இடியும் இழுப்பும் மிகுதி. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பந்து வந்த கணமே திரும்பி எறிதல் வேண்டும். ஆணையிட்டுப் பழகியவர், பிறர் தரும் பந்துக்குக் காத்திருக்கக் கற்றார். வேகம் குறைந்தாலும் களத்தின் நுட்பம் அறிந்தவராதலால், புதிய இடத்திலும் சிறந்தார்.

எட்டாத கனியும் ஒன்று உண்டு. 1992, 1996, 2000 ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களிலும் ஸ்வீடன் இறுதியாட்டத்தில் தோற்று வெள்ளிப் பதக்கமே பெற்றது. 1996-இல் குரோவேஷியாவிடம் தோற்றது ஒரே கோலில்! ஒவ்வொரு முறையும் அவர் மீண்டும் களம் புகுந்தார். 1999-இல் இரண்டாம் முறை உலகப் பட்டம் வென்றார். 1994, 1998, 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியப் பட்டமும் வென்றார். தாய்நாட்டுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 384. போட்ட கோல்கள் 1185. இருபதாம் நூற்றாண்டின் சிறந்த வீரர் என்ற பெருமையும் அவருக்குக் கிட்டியது.

2002-இல் கீல் நகரை விட்டுக் கோத்தன்பர்க் திரும்பினார். இம்முறை அவர் தேடிச் சென்றது புதியதொரு சங்கத்தை அன்று; தாம் முன்பு ஆடிய ரெட்பெர்க்ஸ்லித் சங்கத்தையே. அயலூரில் ஈட்டிய அனுபவம் பிறந்த ஊரின் களத்துக்கே வந்து சேர்ந்தது.