பதில் டாக்டர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பிரதேசத்தில், ஓர் ஊருக்கும் மறு ஊருக்கும் நடுவே ஒரு மலைத்தொடரே கிடக்கக்கூடிய அந்த விசாலமான பூமியில், ஊருக்கு ஒரே டாக்டர் என்று இருப்பவருடைய வாழ்க்கை எப்படிப்பட்டதாக இருக்கும் என்று சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். பிரசவ வேதனையும் மாரடைப்பும் நாள் நட்சத்திரம் பார்த்து வருவதில்லை. ஆகையால் அவர் தம் சொந்த மகளின் கலியாணத்துக்குக்கூட நிம்மதியாக ஊரைவிட்டு நகர முடியாது. புதிய சிகிச்சை முறைகளைக் கற்றுவர ஒரு வாரம் பட்டணத்துக்குப் போய் வரவும் வழியில்லை. சில வருஷங்கள் இப்படிக் கழிந்ததும் உடலும் மனமும் ஒருங்கே சோர்ந்து அவர் ஊரைவிட்டே போய்விடுகிறார். அதன் பிறகு அவ்வூருக்கு டாக்டரே இல்லை.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு பரிகாரம், 1970-களின் பிற்பகுதியில், யூட்டா சர்வகலாசாலையைச் சார்ந்தவர்களிடமிருந்து பிறந்தது. ராபர்ட் உட் ஜான்சன் தர்ம ஸ்தாபனத்தின் திரவிய சகாயத்தைக் கொண்டு, கிராம வைத்தியசாலைகளுக்கு வேண்டும்போது டாக்டர்களை அனுப்பி உதவும் ஏற்பாடு அது. அதை நடத்தியவர்களில் ஒருவர் தேரஸ் கால்ஃப். செயற்கைச் சிறுநீரகத்தை உலகத்துக்கு அளித்த வில்லெம் கால்ஃபின் புதல்வர். 1979-இல் சால்ட் லேக் நகரத்தில் அந்த முயற்சி காம்ப்ஹெல்த் என்ற கம்பெனியாக உருவெடுத்தது. களைத்துப்போன ஒரு மனிதருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற கருணையிலிருந்து தோன்றிய ஏற்பாடு பின்னாளில் பெரும் வியாபாரமாக வளர்ந்துவிட்டதென்றாலும், அதன் மூலத்தை நாம் மறந்துவிடலாகாது.

இவ்வாறு தற்காலிகமாக வருகிற டாக்டரை ஆங்கில வைத்திய உலகம் 'லோகம் டெனென்ஸ்' என்ற லத்தீன் தொடரால் அழைக்கிறது. 'இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்' என்பது அதன் பொருள். சேனையிலுள்ள 'லெப்டினென்ட்' என்ற பதவிப் பெயரும் இதே பொருளைப் பிரெஞ்சு மொழியில் சொல்லுவதுதான். இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்கள் இதைச் சுருக்கி, 'லோக்கம் போகிறேன்' என்பார்கள். இலங்கைத் தமிழர்கள், ஒரு மாஜிஸ்திரேட்டின் ஸ்தானத்தில் தற்காலிகமாக அமர்பவரைப் 'பதில் நீதவான்' என்று அழகாகக் குறிப்பதைப் பின்பற்றி, நான் இவரைப் பதில் டாக்டர் என்றே சொல்லப்போகிறேன்.

ஆஸ்பத்திரி கேட்டதும், காம்ப்ஹெல்த் போன்ற ஏஜென்சி மறுநாளே ஒரு டாக்டரை விமானம் ஏற்றி அனுப்பிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் வைத்தியத் தொழிலுக்கான உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. நெவாடாவில் செல்லுபடியாகும் உரிமம் மான்டானாவில் செல்லாது. பல மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையொன்று 2017 முதல் இந்தச் சிரமத்தை ஓரளவு குறைத்திருக்கிறது. உரிமத்துக்கு மேல், அவருடைய படிப்பையும், முன்பு வேலை பார்த்த இடங்களையும், அவர்மீது எழுந்த வழக்குகளையும் ஆஸ்பத்திரி துருவி விசாரித்த பிறகே நோயாளியைத் தொட அனுமதிக்கிறது. இதற்குள் வாரங்கள் சென்றுவிடும். ஏஜென்சிக்கு ஆஸ்பத்திரி கொடுக்கும் தொகையிலிருந்தே டாக்டரின் சம்பளமும், பயணச் செலவும், தங்குமிடமும், இன்ஷூரன்ஸும் நடக்கின்றன. சிகிச்சையில் நேர்ந்த பிழைக்கான வழக்கு, அவர் அவ்வூரைவிட்டுப் போய்ப் பல வருஷங்களுக்குப் பின்னும் தொடரப்படக்கூடுமாதலால், அக்காலத்துக்கும் தனியே பாதுகாப்பு வேண்டியிருக்கிறது. தொழிலிலுள்ளோர் அதை 'டெயில்', அதாவது வால், என்கிறார்கள்.

பெயரும் முகமும் அறியாத ஒருவரிடம் உயிரை ஒப்படைக்கலாமா என்று நோயாளி அஞ்சுவது இயல்பே. அந்த அச்சத்துக்குக் காரணமான சம்பவங்களும் உண்டு. 2008 பிப்ரவரியில், ஜெர்மனியில் தொழில் செய்துவந்த ஒரு டாக்டர், வார இறுதியில் பதில் வேலை பார்ப்பதற்காக விமானமேறி இங்கிலாந்துக்கு வந்து, போதிய நித்திரைகூட இல்லாமல், கேம்பிரிட்ஜ்ஷயர் கிராமங்களுக்கு நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பினார். சிறுநீரகக் கல்லின் வலியால் துடித்துக்கொண்டிருந்த 70 வயது முதியவர் ஒருவருக்கு, தமக்குப் பழக்கமில்லாத டயமார்ஃபின் என்ற மருந்தை 100 மில்லிகிராம், அதாவது செலுத்தத் தகுந்த அளவைப்போல் 10 மடங்கு, ஊசி மூலம் செலுத்திவிட்டார். முதியவர் இறந்துபோனார். அந்தத் தவறு அவருடையதே என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அந்த மருந்தைப் பழகாதவரிடம் அதைக் கொடுத்து, களைத்திருந்தவரை நோயாளிகளிடம் அனுப்பிவைத்த ஏற்பாட்டையும் நாம் விசாரிக்க வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு வெளிச்சம் தரும் ஆராய்ச்சி ஒன்று 2017 டிசம்பரில் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. 2009 முதல் 2014 வரை ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்ட, மெடிகேர் என்ற அரசாங்க வைத்திய இன்ஷூரன்ஸ் திட்டத்தைச் சேர்ந்த முதியோரின் சுமார் 18 லட்சம் அனுமதிகளை அதில் பரிசீலித்தார்கள். பதில் டாக்டர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 8.83, நிலையான டாக்டர்களிடம் 8.70. புள்ளியியல் கணக்குப்படி இது ஒரு வித்தியாசமாகவே கொள்ளத்தக்கதன்று. பதில் டாக்டர்களிடம் சிகிச்சை பெற்றோருக்குச் செலவும், ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களும் சற்றே கூடுதலாக இருந்தன. ஆனால் என் மனத்தைப் பற்றிக்கொண்டது வேறொரு செய்தி: எப்போதோ ஒருமுறை மாத்திரம் பதில் டாக்டரை அழைக்கும் ஆஸ்பத்திரிகளில், அவர்களிடம் சிகிச்சை பெற்றோரின் மரண விகிதம் உயர்ந்தே காணப்பட்டது.

இதிலிருந்து நான் கொள்ளும் அபிப்பிராயம், குறையை வருகிறவரிடம் மட்டும் தேடாமல், அவரை வரவேற்கும் வீட்டிலும் தேட வேண்டும் என்பதே. விருந்தாளிக்குக் கிணறு எங்கே, விளக்கு எங்கே என்று காட்டாத வீட்டில் அவர் இருட்டில் தடுமாறினால் யாரை நோவது? கம்ப்யூட்டரின் கடவுச்சொல் கிடைக்காமல் பாதி நாளைப் போக்கிக்கொண்டு, எந்த நர்ஸிடம் எதைக் கேட்பது என்று அறியாமல், ரத்தம் வேண்டுமென்றால் யாருக்கு டெலிபோன் செய்வது என்று தெரியாமல் நிற்பவர், எத்தனை பெரிய மேதையாயினும் அன்று அரை டாக்டர்தான். அவரை அடிக்கடி அழைத்துப் பழகிய ஆஸ்பத்திரியோ, முதல் நாள் காலையிலேயே ஒருவரைத் துணைக்கு விட்டு வார்டு வார்டாக நடத்திச் செல்கிறது.

இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. போனவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இருக்கும்வரை இடம் காப்பது பொருளுள்ள காரியம். மெடிகேர்கூடப் பதில் டாக்டரின் வேலைக்கு நிலையான டாக்டர் தம் பெயரிலேயே பணம் கோர 60 நாட்களை வரையறுத்திருக்கிறது. ஆனால் திரும்பி வர எவருமே இல்லாத நாற்காலியில் மாதத்துக்கொருவராக வந்து அமர்வதும் அங்கங்கே நடக்கிறது. நீரிழிவோடு பல காலம் போராடும் ஒரு கிழவி தன் கதையை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது.

நல்ல பதில் டாக்டர்கள் இதை அறிவார்கள். புறப்படும் நாளன்று மாலை, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும், எந்த மருந்தை ஏன் மாற்றினோம், எந்தப் பரிசோதனையின் முடிவு இன்னும் வரவேண்டியிருக்கிறது, எந்தக் கிழவருக்கு இரவில் பயம் வருகிறது என்பதுவரை நிதானமாக எழுதி வைத்துவிட்டு, ஓய்வு முடிந்து வருகிற டாக்டர் காலையில் முதலில் திறக்கும் இடத்தில் அதை வைக்கச் சொல்லி, அதன் பிறகே விமான நிலையத்துக்குக் கிளம்புகிறார்கள்.