கடன் கொப்பியும் கணினிப் படிப்பும்

சென்ற மாதம் ஐந்து சந்திப் பக்கம் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகன் உயர்தரப் பரீட்சையில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்திருக்கிறான். "தகவல் முறைமை படிக்கப் போறானாம் நானா. கம்பியூட்டர் திருத்துறதுக்கு ஏன் மூணு நாலு வருஷம்? கடையில இருந்தா தொழிலாவது பழகுவான்" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இந்தக் கேள்வி நம் வியாபாரிகள் பலரிடமும் இருப்பதால், நான் அறிந்த அளவில் விளக்கம் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடப் படிப்போடு கடைக்கு வந்தவன். இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தது என் கடையில் நடந்த ஒரு தவறுதான்.

இது என்ன படிப்பு?

கணினியைத் திருத்துவது ஒரு தொழில். கணினி எப்படி இயங்குகிறது, அதற்கு எப்படிக் கட்டளை எழுதுவது என்பதை ஆழமாகக் கற்பது கணினி விஞ்ஞானம். தகவல் முறைமை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. ஒரு கடையிலே சரக்கு, காசு, கடன் பற்றிய விபரம் எங்கே உண்டாகிறது, யார் அதை எழுதுகிறார், அது யாரிடம் போய்ச் சேருகிறது, அதை வைத்து முதலாளி என்ன முடிவு எடுக்கிறார் என்று ஆராய்ந்து, அதற்கு ஏற்றபடி கணினியை அமைத்துக் கொடுப்பதே இந்தப் படிப்பு.

வியாபாரக் கணக்குக்கென்று முதன்முதலில் கணினி அமைத்தவர்களும் வியாபாரிகளே. இங்கிலாந்தில் தேநீர்க் கடைகளும் பேக்கரிகளும் நடத்திய லயன்ஸ் கம்பனி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த கணினியை முன்மாதிரியாகக் கொண்டு 'லியோ' என்ற இயந்திரத்தைக் கட்டியது. 1951 நவம்பரில் அது பேக்கரிக் கணக்குப் போடத் தொடங்கியது. பின்னர் தேநீர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலையும் அதற்குக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு கடையின் வழமையான ஓடரும் பதிவில் இருக்கும். கடைப் பொறுப்பாளர் அன்றைய மாற்றத்தை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். இயந்திரம் புதிது. ஆனால் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கத் தேவையில்லை என்ற யோசனை கடைக்காரனுடையது.

என் கடையில் நடந்தது

சில வருடங்களுக்கு முன் என் ஹாட்வெயார் கடைக்குக் கணினியும் கணக்கு மென்பொருளும் வாங்கினேன். மூன்று மாதத்தில் தலைவலி ஆரம்பித்தது. கணினி சீமெந்து 40 பை இருப்பதாகச் சொல்லும். ஸ்டோரில் 27 பைதான் இருக்கும். இயந்திரத்தைத் திட்டினேன். கடைப் பையன்களையும் சந்தேகித்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இந்தப் பாடம் படித்த என் சகோதரியின் மகன் வந்து, காசு மேசைக்குப் பக்கத்தில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தான். காலையில் பழக்கமான மேசன்மாருக்குச் சரக்கு ஸ்டோரிலிருந்து நேரே லொறியில் ஏறுகிறது. சிட்டை பின்னேரம் ஞாபகத்திலிருந்து எழுதப்படுகிறது. திரும்பி வரும் பைகள் பதியப்படுவதே இல்லை. இதைக் கண்டுபிடித்தவன், ஸ்டோர் வாசலில் இலக்கமிட்ட ஒரு சிட்டைப் புத்தகத்தை வைக்கச் சொன்னான். கணினியில் அவன் கை வைத்தது நாலாம் நாள்தான்.

படிப்பில் இதை முறைமைப் பகுப்பாய்வு என்கிறார்கள். தரவுத்தளம் என்றொரு பாடமும் உண்டு. ஊரில் மூன்று நியாஸ் இருந்தால் ஒருவருடைய கடன் மற்றவர் தலையில் ஏறாமல், ஆளுக்கொரு இலக்கம் கொடுத்து விபரத்தைப் பதியும் முறை அது. இவற்றோடு கணக்கியல், முகாமைத்துவம், புள்ளிவிபரவியல் எல்லாம் சேரும்.

வாப்பாவின் கொப்பி

1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு இருபது வயது. வாப்பாவின் கடன் கொப்பி மேசை லாச்சியிலேயே கிடந்துவிட்டது. புத்தளத்தில் அகதியாக இருந்து, ஞாபகத்தில் உள்ள பெயர்களை அவர் ஒரு பள்ளிக் கொப்பியில் எழுதிப் பார்த்தார். பாதிகூட வரவில்லை. வர வேண்டிய காசு போனதைவிட, தான் கொடுக்க வேண்டிய கணக்குத் தவறியதுதான் மௌத்தாகும் வரை அவருக்கு மனக்குறை.

கடனை எழுதி வைக்கும்படி சூரா அல்பகறாவின் 282ஆம் வசனம் நமக்குச் சொல்கிறது. எழுதியது அழியாமல் இருக்க இன்னொரு பிரதியை இன்னோர் இடத்தில் வைப்பதும், யார் அதைப் பார்க்கலாம் என்று வரையறுப்பதும் தகவல் முறைமையில் முக்கியமான பாடங்கள். இன்று கணினியில் கணக்கு வைத்திருப்பவர்களும் ஒரே இயந்திரத்தை நம்பியிருந்தால் அவர்கள் நிலையும் அந்த லாச்சியின் நிலைதான்.

எங்கே படிக்கலாம்?

2002இல் அமைந்த கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியிலும் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலும் தகவல் முறைமைப் பட்டம் உண்டு. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும் இணைந்த பட்டம் இருக்கிறது. அனுமதி விபரங்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பார்க்கலாம். பல்கலைக்கழக இடம் கிடைக்காதவர்கள், கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு ஆரம்பித்த பி.ஐ.ரி. வெளிவாரிப் பட்டத்தைக் கடையில் இருந்துகொண்டே படிக்கலாம். அதில் முதல் வருடத்துக்கு டிப்ளோமா, இரண்டாம் வருடத்துக்கு உயர் டிப்ளோமா என்று படிப்படியாகச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு.

தனியார் நிறுவனமானால் விளம்பரத்தை நம்பிக் காசு கட்ட வேண்டாம். பட்டமென்றால் யார் வழங்குகிறார், மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பாருங்கள். தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உள்ளதா என்று கேளுங்கள். இப்பட்டங்கள் ஆங்கில மொழிமூலம் என்பதால், தமிழில் படித்த பிள்ளை பெறுபேறு வரும்வரை காத்திராமல் ஆங்கிலத்தைச் சீர்செய்துகொள்ள வேண்டும்.

நண்பரிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டு, "மகன் படிக்கட்டும். லீவுக்கு வரும்போது கடையில் இருத்துங்கள். ஒரு சிட்டை உங்கள் கடையில் எங்கே பிறந்து எங்கே போய் முடிகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடன் கொப்பிய நான் இன்னும் அவனுக்குக் காட்டினதே இல்ல நானா" என்றார்.

அதைக் காட்டுவதுதான் முதல் பாடம். அதற்கு எந்தக் கல்லூரிக்கும் காசு கட்டத் தேவையில்லை.