கூட்டாளிகளும் களபலிகளும் – 9: ஃபேரர் பார்க்கில் கைமாறிய படை

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அதைத் தேடிக் கடலெங்கும் அலைந்த பிரிட்டிஷ் தரப்புக் கப்பல்களில் ஜப்பானியக் கப்பல்களும் இருந்தன. அன்று பிரிட்டனுக்குத் தோள்கொடுத்த ஜப்பான், கால் நூற்றாண்டு கழித்து அதே பிரிட்டனிடமிருந்து சிங்கப்பூரைப் பறித்தது. நண்பன் பகைவனான அந்தக் கதையில் இந்தியச் சிப்பாய்க்கும் மலேயாத் தோட்டத் தமிழனுக்கும் நேர்ந்தது என்ன என்பதுதான் இந்த வாரம்.

சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலைத் தாண்டினால் ஃபேரர் பார்க். சிங்கப்பூரின் பழைய குதிரைப் பந்தயத் திடல் இங்கேதான் இருந்தது. 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம்மாறியது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற சாலைப் பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

1942 பிப்ரவரி 17. சிங்கப்பூர் சரணடைந்து இரண்டே நாள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்களைச் சாங்கிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே பிரித்து ஃபேரர் பார்க்குக்கு அனுப்பினார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் திடலில் கூடினார்கள். அதுவரை தோளோடு தோள் நின்று சண்டை போட்ட வெள்ளைக்கார அதிகாரிகளில் பெரும்பாலோர் அங்கே இல்லை.

பிரிட்டிஷ் தரப்பில் கர்னல் ஹன்ட் பேசினார். சுருக்கமான பேச்சு. இனி நீங்கள் ஜப்பானியரின் கைதிகள், எங்கள் கட்டளைக்குப் பணிந்ததைப் போலவே அவர்கள் கட்டளைக்கும் பணியுங்கள் என்பதுதான் சாரம். அடுத்து, படையை ஏற்றுக்கொண்ட ஜப்பானிய உளவுப்பிரிவு அதிகாரி மேஜர் ஃபுஜிவாரா இவாய்ச்சி நீண்ட நேரம் பேசினார். அவருடைய ஜப்பானியப் பேச்சு ஆங்கிலத்துக்கும், அங்கிருந்து இந்துஸ்தானிக்கும் மொழிபெயர்க்கப்பட்டது. இந்தியா விடுதலை பெற ஜப்பான் உதவும், உங்களைக் கைதிகளாக அல்ல, நண்பர்களாகவே நடத்துவோம் என்றார். பிறகு படையைக் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். மோகன் சிங், மலேயாவின் வடக்கே ஜித்ராவில் 1941 டிசம்பரில் தோற்றுச் சிதறிய பஞ்சாப் ரெஜிமென்டைச் சேர்ந்தவர். இந்திய தேசிய ராணுவம் அமைக்கப்போகிறோம் என்று அவர் அறிவித்தபோது திடல் ஆரவாரித்தது.

எல்லாருடைய மனமும் ஆரவாரிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த ஷா நவாஸ் கான், பின்னாளில் இந்திய தேசிய ராணுவத்தினர் மீதான டெல்லி செங்கோட்டை விசாரணையில் தன் அன்றைய மனநிலையைச் சொன்னார்: பிரிட்டிஷார் ஜப்பானியரிடமும், ஜப்பானியர் மோகன் சிங்கிடமும் எங்களை ஆடுமாடுகளைப் போல ஒப்படைத்தார்கள். பிறகு நேதாஜியின் தளபதிகளில் ஒருவராகவே உயர்ந்த மனிதரின் வாக்குமூலம் இது. ஒரே நாளில், ஒரே திடலில், அந்தப் படை இரண்டு முறை கைமாறியது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இந்தியாவைக் காக்க ஜப்பானின் வாக்குறுதி

இந்தியாவை பிரிட்டனிடமிருந்து மீட்க வந்ததாகச் சொன்ன ஜப்பான், ஒரு காலத்தில் இந்தியாவை பிரிட்டனுக்காகக் காப்பதாகக் கையெழுத்துப் போட்ட நாடு.

1902 ஜனவரி 30-ஆம் தேதி லண்டனில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் லேன்ஸ்டவுனும் ஜப்பானியத் தூதர் ஹயாஷியும் கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இருவருக்கும் பொதுப் பகை ரஷ்யா. மஞ்சூரியாவிலும் கொரியாவிலும் ரஷ்யா கால் பதிக்கும் என்பது ஜப்பானின் கவலை. ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு இறங்கும் என்பது பிரிட்டனின் கவலை. 1905 ஆகஸ்டில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது அதன் எல்லையை இந்தியா வரை நீட்டினார்கள். இந்திய எல்லையின் பாதுகாப்புக்கு பிரிட்டன் எடுக்கும் நடவடிக்கைகளை ஜப்பான் ஏற்றது. பதிலுக்குக் கொரியாவில் ஜப்பானின் ஆதிக்கத்தை பிரிட்டன் ஏற்றது. ஐந்தே ஆண்டில், 1910-இல், கொரியா ஜப்பானின் உடைமையானது. கொரியரையும் யாரும் கேட்கவில்லை, இந்தியரையும் யாரும் கேட்கவில்லை.

இந்த ஒப்பந்தத்தால் பிரிட்டனுக்குப் பெரிய லாபம். கிழக்குக் கடல்களைக் கூட்டாளியின் பொறுப்பில் விட்டுவிட்டு, தன் பெரிய போர்க்கப்பல்களை ஜெர்மனிக்கு எதிராக ஐரோப்பாவில் குவிக்க முடிந்தது. கிழக்கில் தன் பேரரசின் பாதுகாப்பு வேறொருவரின் நல்லெண்ணத்தில் தொங்குகிறது என்பதை அப்போது லண்டனில் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

1915: அதே ஊர், அதே தேதி

அந்த நல்லெண்ணம் சிங்கப்பூரில் ஒரு முறை சோதிக்கப்பட்டது. 1915 பிப்ரவரி 15 பிற்பகல், அலெக்ஸாண்ட்ரா பாசறையிலிருந்த இந்தியப் படைப்பிரிவான ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரி கிளர்ந்தெழுந்தது. சிப்பாய்கள் முஸ்லிம்கள். அவர்களில் பலர் தங்கள் சமயத் தலைவராகக் கருதிய துருக்கி சுல்தான் ஜெர்மனியோடு சேர்ந்து போரில் இறங்கியிருந்தார். படைப்பிரிவை ஹாங்காங்குக்கு அனுப்பத்தான் உத்தரவு. ஆனால் துருக்கியரோடு சண்டையிட அனுப்பப்போகிறார்கள் என்ற வதந்தி பரவியது. அதிகாரிகளிடையே இருந்த பூசலும், வெளிநாட்டு இந்தியரின் புரட்சி அமைப்பான கதர் இயக்கத்தின் பிரசாரமும் சேர்ந்து தீ மூட்டின.

நகரில் போதுமான பிரிட்டிஷ் துருப்புகள் இல்லை. கூட்டாளிகளுக்குத் தந்தி பறந்தது. ஜப்பானின் ஒட்டோவா, சுஷிமா கப்பல்களிலிருந்து கடற்படையினர் இறங்கினார்கள். பிரெஞ்சு, ரஷ்யக் கப்பல்களும் வந்தன. சிங்கப்பூரில் வாழ்ந்த ஜப்பானியக் குடிமக்கள் பலர் தொண்டர்களாகத் துப்பாக்கி ஏந்தினார்கள். கிளர்ச்சி சில நாளில் ஒடுங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்ட சிப்பாய்களை ஊட்ரம் சிறைச் சுவரருகே ஊர் பார்க்க நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள்.

துருக்கிக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான கூட்டணி ஒரு சிப்பாயைக் கிளர்ச்சிக்குத் தள்ளுகிறது. பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான கூட்டணி அவனை அடக்குகிறது. இடையில் செத்தவன் இந்தியன். சரியாக 27 ஆண்டு கழித்து, அதே பிப்ரவரி 15 அன்று, புக்கிட் தீமாவின் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல் ஜெனரல் யமாஷிட்டாவிடம் சரணடைந்தார்.

அதே 1915-இல் இந்தியப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் ஜப்பானுக்குத் தப்பிப்போனார். கூட்டாளி என்ற உரிமையில் பிரிட்டன் அவரைக் கேட்டது. ஜப்பானிய அரசும் வெளியேற்ற உத்தரவு போட்டது. டோக்கியோவில் நகமுராயா என்ற ரொட்டிக்கடை நடத்திய குடும்பம் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. அந்த வீட்டுப் பெண்ணையே பிறகு அவர் மணந்தார். 1942-இல் அதே ஜப்பானிய அரசுக்கு ராஷ் பிஹாரி வேண்டியவரானார். இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் தலைவராகச் சிங்கப்பூருக்கு வந்தார். மனிதர் மாறவில்லை, அரசின் தேவைதான் மாறியது.

கப்பல் இல்லாத தளம்

முதல் உலகப்போர் முடிந்ததும் கூட்டணிக்கு இருந்த காரணம் போய்விட்டது. ஜார் ஆட்சி கவிழ்ந்தது, ஜெர்மனி தோற்றது. பசிபிக்கில் இப்போது ஜப்பானும் அமெரிக்காவும் எதிரெதிரே நின்றன. இந்தக் கூட்டணியை முறிக்க அமெரிக்கா அழுத்தியது. கனடா அமெரிக்கா பக்கம் பேசியது. ஜப்பானுக்கு அஞ்சிய ஆஸ்திரேலியா, புதுப்பியுங்கள் என்றது. பிரிட்டன் அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தது. 1921 டிசம்பரில் வாஷிங்டனில் நாலு வல்லரசுகளின் ஒப்பந்தம் கையெழுத்தானது. பழைய கூட்டணி 1923-இல் காலாவதியானது. போர்க்கப்பல் அளவில் அமெரிக்காவுக்கு 5, பிரிட்டனுக்கு 5, ஜப்பானுக்கு 3 என்று வாஷிங்டனில் முடிவான விகிதத்தை ஜப்பானியக் கடற்படையில் பலர் அவமானமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டாளி போனால் அந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது? சிங்கப்பூரின் வடகரையில் செம்பவாங்கில் பெரிய கடற்படைத் தளம் கட்டுவதென்று 1921-இலேயே முடிவானது. ஏறத்தாழ ஆறு கோடி பவுண்டு செலவான அந்தத் தளத்தின் பிரம்மாண்டமான கப்பல் துறை 1938 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. ஆனால் அங்கே நிரந்தரமாக நிற்கப் பெரிய கப்பற்படை கிடையாது. ஆபத்து வந்தால் ஐரோப்பாவிலிருந்து கப்பல்கள் வரும், அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது திட்டம். முதலில் ஆறு வாரம் என்றார்கள். 1939-இல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் ஆறு மாதம் என்றார்கள். பூட்டுக்குப் பதிலாக வாசலில் பூட்டின் படத்தை வரைந்து வைத்ததற்கு ஒப்பானது இது. வரைந்தவருக்கும் அது தெரியும். ஒருநாள் எதிரிக்கும் தெரிந்துபோயிற்று.

எதிரிக்குத் தெரிந்த விதத்திலும் ஒரு கூட்டணிதான் வேலை செய்தது. 1940 செப்டம்பர் 27 அன்று ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் பெர்லினில் முத்தரப்பு ஒப்பந்தம் செய்தன. நவம்பர் 11 அன்று சுமத்ரா அருகே ஆட்டோமெடான் என்ற பிரிட்டிஷ் வணிகக் கப்பலை ஜெர்மனியின் அட்லாண்டிஸ் கப்பல் மடக்கியது. அதிலிருந்த அஞ்சல் பைகளில், கிழக்குக்குப் பெரிய கப்பற்படையை அனுப்ப இயலாது என்று ஒப்புக்கொள்ளும் ரகசிய ஆவணம் இருந்தது. டிசம்பரில் அது டோக்கியோவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு போர் இன்னொரு போரானது

ஜப்பான் 1937 முதலே சீனாவில் முழுப் போரில் சிக்கியிருந்தது. வெல்லவும் முடியவில்லை, விலகவும் மனமில்லை. ஜெர்மனியின் கையில் பிரான்ஸும் ஹாலந்தும் விழுந்ததும், அந்நாடுகளின் ஆசிய உடைமைகள் காவலற்றுக் கிடப்பதாக ஜப்பானியத் தளபதிகள் கண்டார்கள். முத்தரப்பு ஒப்பந்தம் அமெரிக்காவை மிரட்டி ஒதுங்க வைக்கும் என்று நம்பினார்கள். நடந்தது நேர்மாறு. அதுவரை சீனப் போரைத் தனியாகப் பார்த்த அமெரிக்கர் பலரும், ஜப்பானை ஹிட்லரின் கையாளாகவே பார்க்கத் தொடங்கினார்கள்.

1941 ஏப்ரலில் சோவியத் யூனியனோடு நடுநிலை ஒப்பந்தம் செய்துகொண்டு ஜப்பான் வடக்குப் பக்கத்தைப் பத்திரப்படுத்தியது. ஜூலையில் தெற்கு இந்தோசீனாவுக்குள் படையை இறக்கியது. அமெரிக்கா ஜப்பானின் சொத்துக்களை முடக்கி எண்ணெயை நிறுத்தியது. பிரிட்டனும் டச்சு அரசும் அதையே செய்தன. ஜப்பானின் எண்ணெயில் சுமார் 80 விழுக்காடு அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. கையிருப்பு தீர்வதற்குள் சீனாவை விட்டு வெளியேற வேண்டும், அல்லது டச்சுக்காரரின் சுமத்ரா, போர்னியோ எண்ணெய்க் கிணறுகளைப் பிடிக்க வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தார்கள். அந்த வழியில் குறுக்கே நின்றது சிங்கப்பூர்.

பிரிட்டனின் தயக்கத்துக்கும் கூட்டணிக் கணக்கே காரணம். தாய்லாந்தின் சிங்கோராவில் ஜப்பானியர் இறங்குமுன் முந்திப் பிடிக்க மட்டடோர் என்ற திட்டம் இருந்தது. நடுநிலை நாட்டுக்குள் முதலில் நுழைந்தால் அமெரிக்கா கைவிட்டுவிடுமோ என்ற அச்சம் கையைக் கட்டியது. வாஷிங்டனின் உறுதிமொழி டிசம்பர் முதல் வாரத்தில்தான் வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

டிசம்பர் 8 நள்ளிரவு தாண்டி, பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழுவதற்கும் முன்பே, கோத்தா பாருவின் கடற்கரையில் ஜப்பானியர் இறங்கினார்கள். அங்கே அவர்களை எதிர்த்து நின்றது இந்தியாவின் டோக்ரா ரெஜிமென்ட். இரண்டு நாளில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரு பெரிய போர்க்கப்பல்களும் குவாந்தான் அருகே மூழ்கின. எழுபதே நாளில் எல்லாம் முடிந்தது.

விலை கொடுத்தவர்கள்

ஃபேரர் பார்க்கில் நின்றவர்களில் பல்லாயிரம் பேர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மனப்பூர்வமாகச் சேர்ந்தவர்கள் உண்டு, முகாமின் கொடுமைக்குத் தப்பச் சேர்ந்தவர்கள் உண்டு. பிரிட்டிஷ் அரசருக்குச் செய்த சத்தியத்தை மீற மாட்டோம் என்று மறுத்தவர்களும் உண்டு. மறுத்தவர்களில் பலரை நியூகினி போன்ற தொலைதீவுகளுக்குக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். பட்டினியிலும் நோயிலும் மாண்டார்கள். ஜப்பான் தந்த வாக்கை நம்பிய மோகன் சிங்கையே, படையின் உரிமை குறித்துக் கேள்வி கேட்டதற்காக 1942 டிசம்பரில் கைது செய்தார்கள். 1943 ஜூலையில் நேதாஜி வந்த பிறகுதான் அந்தப் படை மறுபிறவி எடுத்தது. மலேயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி, அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். அவர்களுடைய துணிச்சலில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அடிமைத்தனத்திலிருந்து விடுபடக் கிடைத்த வழியைப் பற்றிக்கொண்டார்கள்.

ஆனால் இந்தியருக்கு விடுதலை வாங்கித்தருவதாகச் சொன்ன அதே ஜப்பானிய ராணுவம்தான், அதே தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்கு வாரிக்கொண்டு போனது. காலராவிலும் மலேரியாவிலும் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே மடிந்தார்கள். கூட்டாளி என்ற சொல் அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை.

வல்லரசுகள் நட்புக்காகக் கூட்டணி சேர்வதில்லை. அன்றைய பகையை முன்னிட்டுச் சேர்கின்றன. பகை மாறும்போது விலகுகின்றன. சிறு நாட்டுக்கும் அடிமை நாட்டுக்கும் ஆபத்து சேர்க்கையிலும் இருக்கிறது, விலகலிலும் இருக்கிறது. இந்தப் பாடத்தைச் சிங்கப்பூர் தன் நிர்வாகத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. 1967-இல் தேசிய சேவையைக் கட்டாயமாக்கியது. பிரிட்டிஷ் படைகள் விலகிய 1971-இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியாவோடு ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டில் சேர்ந்தது. தாக்குதல் வந்தால் கலந்தாலோசிப்போம் என்பதற்கு மேல் அந்த ஏற்பாடு எதையும் உறுதி சொல்வதில்லை. அமெரிக்கக் கப்பல்களுக்கு இடம் தந்தாலும் அமெரிக்காவோடு ராணுவக் கூட்டணி ஒப்பந்தம் வைத்துக்கொள்ளவில்லை. சீனாவோடு வணிகமும் நடக்கிறது. பிப்ரவரி 15-ஐ முழுமைத் தற்காப்பு தினமாக நினைவுகூர்கிறது.

தென்சீனக் கடலில் மறுபடியும் கப்பல்கள் எதிரெதிரே நிற்கும் காலம் இது. எந்தத் தலைநகரிலாவது புதிய கூட்டணி அறிவிக்கப்படும்போது, உங்களுக்கு ஆபத்து வந்தால் அவர்கள் எத்தனை நாளில் வருவார்கள், வராவிட்டால் உங்களிடம் என்ன இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் மக்கள் கேட்டே ஆகவேண்டும். அவற்றுக்கு விடை சொல்லாத அரசு, தன் மக்களின் உயிரை அவர்களைக் கேட்காமலே அடகு வைக்கிறது.

(அடுத்த வாரம்: 1971 ஆகஸ்ட் 9 – இந்தியாவும் சோவியத் யூனியனும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும், வங்காள விரிகுடாவுக்கு வந்த அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படையும்)