வில்லியம் மகின்

அயர்லாந்தின் கோர்க் நகரில் 1794 இல் பிறந்த வில்லியம் மகின், பாலப் பருவத்திலேயே டப்ளின் டிரினிற்றிக் கல்லூரியிற் புகுந்தவர். கிரேக்கமும் இலத்தீனும் அவருக்கு எளிதிற் கைவந்தன. தந்தையார் நடத்திய பாடசாலையை அவர் மறைவின்பின் ஏற்று நடத்தினார்.

எழுத்தார்வம் அவரை லண்டனுக்கு ஈர்த்தது. 1827 இல் தோன்றிய 'ஸ்டாண்டர்ட்' பத்திரிகைக்கு இணையாசிரியரானார். 1830 இல் 'பிரேசர்ஸ் மகசீன்' சஞ்சிகையைத் தொடக்கிவைத்தார்.

1836 இல் கிரான்ட்லி பாக்லி என்பாரின் நாவலொன்றை அச்சஞ்சிகை பெயர் சுட்டாத கட்டுரையொன்றிற் கடுமையாகக் கண்டித்தது. வெகுண்ட பாக்லி, பதிப்பாளர் பிரேசரை அடித்து நொறுக்கினார். மகின் வாளாவிருந்திருக்கலாம், ஆயினும் எழுதியவர் தாமே என முன்வந்து, துப்பாக்கிச் சமருக்கும் நின்றார். மும்முறை சுட்டும் இருவரும் உயிர் தப்பினர். துணிவு மெச்சத்தக்கதே; ஒருவரது குலத்தையே இழித்துரைத்த அக்கண்டனமோ மெச்சத்தக்கதன்று.

1838 முதல் ஹோமரின் காவியப் பகுதிகளை நாட்டார் கதைப்பாடல் நடையில் ஆங்கிலமாக்கி வெளியிட்டார். அவரது புலமையின் நற்கனி அதுவே. குடியும் கடனும் அவரைச் சிறைக்குள் தள்ளின. விடுதலை பெற்றும் காசநோய் விடவில்லை. 1842 இல், நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். கடன்பட்டோர் சிறையிலிருந்தபடியே புதிய பத்திரிகையொன்றுக்கு அறிமுக அறிக்கை வரையும் கப்டன் ஷாண்டனைத் தாக்கரே 'பெண்டென்னிஸ்' நாவலிற் படைத்தது, மகினை மனத்திற் கொண்டே என்பர்.